கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு முதல் கம்ப்யூட்டர்: 40,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

குடியாத்தம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வீடியோகிராஃபர் அண்ணனிடம் உதவியாளராக இருக்கிறேன். கல்யாணங்களில் இரண்டாவது கேமரா பிடிப்பது, லைட் பிடிப்பது என் வேலை. ஆவணி முகூர்த்தங்களிலிருந்து எடிட்டிங்கையும் நீயே செய், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்காக 40,000 சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் புரட்ட வழியில்லை.

வீட்டில் 19 இஞ்ச் பழைய மானிட்டர் இருக்கிறது, விஜிஏ என்ற பழைய வகை கனெக்டர் மட்டும்தான். கீபோர்டு, மவுஸ், 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. டவர் மட்டும் வேண்டும்.

வேலூரில் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ3-12100எஃப், எச்610 போர்டு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சேர்ந்த கேபினட். மொத்தம் 38,500.

இன்னொருவர் ஐ7, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 16,000 என்கிறார். புதுசுதான், ஒரு வருடம் வாரண்டி என்றார். இவ்வளவு வித்தியாசம் எப்படி? எதை எடுக்கலாம்?


பாகாயம்_சர்வீஸ் எழுதியது:

தம்பி, அந்த ஐ7 எத்தனையாவது தலைமுறை என்று கேட்டீர்களா? 16,000 என்றால் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது தலைமுறையாக இருக்கும். 2011, 2012ல் வந்த ப்ராசஸர். அதைப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றி, பெயர் தெரியாத புது எச்61 போர்டில் போட்டு விற்கிறார்கள். போர்டும் கேபினட்டும் புதுசு, அதனால் "புதுசு" என்று சொல்லிவிடுகிறார்கள். ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை.

விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. இன்டெலில் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஆதரவு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. பில் போடவும் டேலிக்கும் ஓடும். உங்கள் வேலைக்கு ஆகாது.


ஆற்காடு_எடிட்டர் எழுதியது:

முதலில் ஒரு கேள்வி. உங்கள் அண்ணன் கேமராவில் பதிவு எந்த வடிவத்தில் வருகிறது? 1080ஆ, 4கேயா? எச்.264ஆ, எச்.265ஆ? 8 பிட்டா, 10 பிட்டா? 4:2:0ஆ, 4:2:2வா? (இந்த இரண்டும் நிறத்தின் விவரம் எவ்வளவு பதிவாகிறது என்பதைச் சொல்பவை.) இது தெரியாமல் யார் கொட்டேஷன் போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான்.


குடியாத்தம்வாசி எழுதியது:

கேட்டுவிட்டேன் அக்கா. 4கே, எச்.265, 10 பிட், 4:2:2. நொடிக்கு 100 மெகாபிட். கலர் கிரேடிங் நன்றாக வரும் என்று அப்படி வைத்திருக்கிறாராம்.


ஆற்காடு_எடிட்டர் எழுதியது:

அப்படியானால் அந்தக் கடை கொட்டேஷன் உங்களுக்குப் பயன்படவே படாது. காரணத்தை விரிவாக எழுதுகிறேன், இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

எச்.265 என்பது ரொம்ப இறுக்கிச் சுருக்கப்பட்ட வீடியோ. டைம்லைனில் ப்ளே செய்யும் ஒவ்வொரு நொடியும் கம்ப்யூட்டர் அதைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை ப்ராசஸரின் கோர்களே (கணக்குப் போடும் பகுதிகள்) செய்தால் சின்ன ப்ராசஸர் திணறும். அதனால் இதற்கென்று தனிச் சுற்று ஒன்றை சிப்பிலேயே வைத்திருப்பார்கள். இன்டெலில் அதன் பெயர் குவிக் சிங்க். அது இருப்பது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில்.

பெயரின் கடைசியில் "எஃப்" என்று இருந்தால் அந்த கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்று அர்த்தம். எஃப் வாங்கினால் குவிக் சிங்க்கும் போய்விட்டது. படம் தெரிய ஒரு கார்டு வேண்டுமே என்று ஜிடி 730ஐச் செருகுகிறார்கள். அது பத்து வருடத்துக்கு முந்தைய கார்டு. எச்.265ஐப் பிரிக்கும் சுற்று அதில் இல்லை. "4 ஜிபி கார்டு" என்று கேட்கப் பெரிதாக இருக்கும், உங்கள் வேலைக்கு அதனால் ஒரு பலனும் கிடையாது. காசு கொடுத்து நல்ல பகுதியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் காசு கொடுத்து ஒன்றுக்கும் ஆகாததைப் பொருத்துவதாக ஆகிறது.

எஃப் இல்லாத ஐ3-12100 எடுங்கள். அதிலிருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியான யுஎச்டி 730, 10 பிட் 4:2:2 எச்.265ஐ நேராகப் பிரிக்கும். கார்டே வேண்டாம்.


காட்பாடி_கோடர் எழுதியது:

இதே பணத்துக்கு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி ஏன் யோசிக்கக் கூடாது? ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஐ3யில் நான்கு கோர்தான். உள்ளே இருக்கும் வேகா கிராஃபிக்ஸும் யுஎச்டி 730ஐ விட வேகம். இங்கே கல்லூரி விடுதியில் கேம் விளையாடுபவர்கள் பலரும் பட்ஜெட் என்றால் அதைத்தான் போடுகிறார்கள். அது உட்காரும் ஏஎம்4 போர்டும் மலிவு.


ஆற்காடு_எடிட்டர் எழுதியது:

கேமுக்கும் ப்ரோக்ராமிங்குக்கும் நீங்கள் சொல்வது சரி, நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் 5600ஜியின் வேகா, எச்.265ஐ 4:2:0 வரைதான் ஹார்டுவேரில் பிரிக்கும். 4:2:2 வந்தால் சுமை முழுக்க கோர்கள் மேல் விழும். தம்பி அன்றாடம் தொடப்போவது அந்த ஒரு வகை ஃபைலைத்தான். அந்த ஃபைலை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.


சத்துவாச்சாரி_மாடிவீடு எழுதியது:

பெங்களூர் ஐடி கம்பெனிகளிலிருந்து கழித்துக் கட்டும் ஆபீஸ் டவர்கள் இங்கே நிறைய வருகின்றன. எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேமோடு கிடைக்கும். விண்டோஸ் 11 ஏறும். என் வீட்டில் அதுதான் நன்றாக ஓடுகிறது. பாதி விலையில் முடியுமே?


பாகாயம்_சர்வீஸ் எழுதியது:

நல்ல யோசனைதான். பிள்ளைகள் படிக்க, கடைக் கணக்குப் பார்க்க நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் எட்டாம் தலைமுறையின் யுஎச்டி 630ம் 4:2:2வைப் பிரிக்காது, அக்கா சொன்ன அதே பிரச்சினை. அப்புறம், அந்த டவர்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டு கனெக்டரும் டவரைச் செய்த கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். நாளைக்கு ஒரு கார்டு போட நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

தம்பி, ஐ3-12100, எச்610 போர்டு, இது அடித்தளம். போர்டு வாங்கும்போது டிடிஆர்4 மாடலா என்று பார்த்து வாங்குங்கள், எச்610 டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகையிலும் வருகிறது. விஜிஏ போர்ட் இருக்கிற மாடலைக் கேளுங்கள், பழைய மானிட்டரை அப்படியே மாட்டலாம். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14 என மூன்று தலைமுறையும் உட்காரும். இரண்டு சீசன் சம்பாதித்த பிறகு ஒரு ஐ5 வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.


குடியாத்தம்வாசி எழுதியது:

ரொம்ப நன்றி. இப்போது ரேம். விலை கேட்டால் பயமாக இருக்கிறது. போன வருடம் நண்பன் வாங்கிய விலைக்கும் இப்போது சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. 8 ஜிபியோடு ஆரம்பிக்கலாமா?


காட்பாடி_கோடர் எழுதியது:

விலை ஏறியது உண்மைதான், உங்களை ஏமாற்றவில்லை. 2025 கடைசியிலிருந்தே உலகம் முழுக்க இப்படித்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான நினைவகம் செய்வதில் லாபம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு விற்கும் க்ரூஷியல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4 பழைய வகை என்பதால் அதன் உற்பத்தியும் குறைந்துகொண்டே வருகிறது.


ஆற்காடு_எடிட்டர் எழுதியது:

8 ஜிபியில் 4கே எடிட் செய்ய உட்கார வேண்டாம். 16 ஜிபி கட்டாயம். இந்தப் பட்ஜெட்டில் ஐ5 வாங்காமல் ஐ3 சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ப்ராசஸரில் மிச்சமாவது ரேமுக்குப் போகட்டும்.

எட்டு எட்டாக இரண்டா, பதினாறாக ஒன்றா என்று அடுத்துக் கேட்பீர்கள். எச்610 போர்டில் ரேம் ஸ்லாட் பொதுவாக இரண்டுதான். இரண்டு எட்டு போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்யும், உள் கிராஃபிக்ஸுக்கு நல்லது. ஆனால் 32 ஆக்க வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். கேமுக்கு என்றால் நான் இரண்டு எட்டு சொல்வேன். எடிட்டிங்குக்கு மொத்த அளவுதான் முதலில் இடிக்கும். ஆகவே ஒரு 16 போடுங்கள், விலை இறங்கும்போது இன்னொரு 16.


பாகாயம்_சர்வீஸ் எழுதியது:

ரேமை மட்டும் பழையதாக வாங்கலாம், தப்பில்லை. தேய்மானமே இல்லாத பொருள் அது. ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓட விடுங்கள், பிழை வரவில்லை என்றால் நம்பலாம். காட்பாடி பக்கம் கடைசி வருட மாணவர்கள் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ரேம், மானிட்டர் எல்லாம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். எழுத எழுதத் தேய்வது அது. எஸ்எம்பிஎஸ்ஸையும் வாங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெஞ்சுக்கு வரும் செத்த போர்டுகளில் பெரும்பாலானவை கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸால் செத்தவை. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் எடுத்தால் காற்றுப் போல இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய ஃபில்டர் காயிலே இருக்காது, காயில் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியைப் போட்டு இணைத்திருப்பார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அது தானும் போய், போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். சுமார் மூவாயிரத்துக்கு நல்ல பெயருள்ள 450 வாட் ப்ரான்ஸ் (மின் சிக்கனத்துக்கான தரச் சான்று) எஸ்எம்பிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் முழுச் சுமையிலும் 150 வாட்டைத் தாண்டாது, அதனால் 650, 750 என்று ஓட வேண்டாம். கேபினட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் தனியாகக் கேளுங்கள், தருவார்கள்.

அடுத்தது எர்த். குடியாத்தத்தில் உங்கள் வீட்டில் மூணு பின் ப்ளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று எத்தனையோ பேர் வருகிறார்கள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட் பாடிக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போகும், இரைச்சலை எர்த்துக்கு இறக்க. எர்த் இல்லை என்றால் பாடி பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும், அதாவது 115 வோல்ட் அளவில். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆள் போக மாட்டார், ஆனால் அந்த நிலையில் கேமராவை யுஎஸ்பியில் செருகினால் போர்ட் போகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நம் பக்கம் பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதை வீட்டில் வழக்கமாக்குங்கள்.


குடியாத்தம்வாசி எழுதியது:

அண்ணா, சுருக்கென்று இழுப்பது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் உண்டு. நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, தனியாக யுபிஎஸ் வேண்டுமா?


சத்துவாச்சாரி_மாடிவீடு எழுதியது:

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் போதும், தனி யுபிஎஸ் வேண்டாம். ஸ்கொயர் வேவ் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுகள் சில அதோடு ஒத்துப்போகாது. அப்போது சைன் வேவ் தரும் ஒரு யுபிஎஸ் பிறகு வாங்குங்கள்.

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஓட்டு வீடோ, தளம் போட்ட மேல்மாடியோ, கத்திரியில் மத்தியானம் அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை ஆக்காது. எனவே முன்பக்கம் கண்ணாடி மூடிய, கலர் விளக்கு கேபினட் வேண்டாம். முன்பக்கம் வலை போட்டது, தூசி ஃபில்டர் கழற்றிக் கழுவக்கூடியது, பின்னால் ஒரு ஃபேன். நீண்ட ரெண்டரை ராத்திரி போடுங்கள்.


காட்பாடி_கோடர் எழுதியது:

வாங்கும் இடம்: வேலூரில் இரண்டு மூன்று கடையில் பாகம் பாகமாக விலை எழுதி வாங்குங்கள், மொத்தத் தொகையாக வேண்டாம். பிறகு சென்னை ரிச்சி தெரு விலையோடு ஒப்பிடுங்கள். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர்தான். காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. ஞாயிறு போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ப்ராசஸர் சீல் உடையாத பெட்டியில் வேண்டும். ட்ரே என்று பெட்டி இல்லாமல் கொஞ்சம் மலிவாகக் கொடுப்பார்கள், கூலிங் ஃபேன் வராது, இன்டெலின் மூன்று வருட வாரண்டியும் வராது. ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், இரண்டும் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.


பாகாயம்_சர்வீஸ் எழுதியது:

சென்னை விலையோடு முன்னூறு நானூறு வித்தியாசம்தான் என்றால் வேலூரிலேயே வாங்கச் சொல்வேன். போர்டு எழவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைக்க ஒரு கடை பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். முதல் கம்ப்யூட்டர் வேறு.

நீங்களே அசெம்பிள் செய்வதாக இருந்தால் சில விஷயங்கள். எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டு பக்கம்தான், 1700 பின். ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடையாது. ப்ராசஸரை மேலிருந்து நேராக வையுங்கள், தேய்த்து நகர்த்தாதீர்கள். கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன்னால், போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே ப்ராசஸர், ஃபேன், ரேம் போட்டு ஒரு முறை எழுப்பிப் பாருங்கள். 24 பின் கேபிளோடு, ப்ராசஸர் பக்கத்தில் இருக்கும் 8 பின் கேபிளும் போட வேண்டும். "ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை" என்று வருவதில் பாதி அந்த 8 பின்தான். ஃபேனின் நான்கு கால்களையும் குறுக்குக் குறுக்காக அழுத்துங்கள், பின்பக்கம் திருப்பி நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எழுந்ததும் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் சில 3200 ரேம்கள் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.


குடியாத்தம்வாசி எழுதியது:

இப்போது இருக்கும் பட்டியல்: ஐ3-12100 பெட்டியோடு, எச்610 டிடிஆர்4 போர்டு விஜிஏவுடன், 16 ஜிபி ஒரே குச்சி (பழையது, ஒரு மாணவரிடம் பேசி வைத்திருக்கிறேன்), 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் ப்ரான்ஸ், வலை கேபினட். வேலூர்க் கடை விலையில் 40,000க்குள் வந்து கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தில் நல்ல ஐபிஎஸ் மானிட்டருக்கு முன்பணம் போடலாமா? கலர் பார்க்க 19 இஞ்ச் போதாது என்று தெரிகிறது.


ஆற்காடு_எடிட்டர் எழுதியது:

வேண்டாம் தம்பி. மிச்சத்தில் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். தயவுசெய்து இதில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்ந்து, இரண்டு கேமரா, பத்து மணி நேரப் பதிவு என்று வைத்தால் 450 ஜிபி. உங்கள் எஸ்எஸ்டி ஒரு கல்யாணத்திலேயே நிரம்பிவிடும். 2 டிபியில் நான்கு கல்யாணம். சீசனில் ஒரே வாரத்தில் நான்கு வரும்.

இடத்தை விடப் பெரிய விஷயம், அந்தப் பதிவு ஒரே டிஸ்க்கில் இருக்கக் கூடாது. தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது. அந்த வீட்டுத் தாத்தா அடுத்த வருடம் இல்லாமல் போகலாம், அவர் அட்சதை போட்ட காட்சி அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கும். மெமரி கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு டிஸ்க்கில் பிரதி இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது. ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அண்ணன் ஸ்டுடியோவில். வாடிக்கையாளர் பென் டிரைவ் வாங்கிப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

மானிட்டர் முதல் இரண்டு கல்யாணப் பணத்தில் வரட்டும். அதுவரை கலர் திருத்தியதை ஸ்டுடியோ மானிட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மென்பொருள்: கிராக் செய்த ப்ரீமியரை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். அதோடு வரும் வைரஸ் வீடியோ ஃபைல்களையே பூட்டிவிடலாம். கேடென்லைவ் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், கல்யாண எடிட்டிங்குக்குத் தாராளம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு கலருக்கு அருமையானது, ஆனால் அதன் லினக்ஸ் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது, உள் கிராஃபிக்ஸிலும் சிரமப்படும். எதை எடுத்தாலும் ப்ராக்ஸி செய்து எடிட் செய்யப் பழகுங்கள். அசல் 4கேக்குப் பதிலாகச் சின்னப் பிரதியை வைத்து வெட்டுவது, கடைசியில் ரெண்டர் செய்யும்போது அசல் தானாக வந்து உட்காரும். ராத்திரி ப்ராக்ஸி போட விட்டுத் தூங்கிவிட்டால், காலையில் ஐ3யிலும் வழவழவென்று ஓடும்.

ஆடியில் கல்யாணம் இருக்காது. அதற்குள் கம்ப்யூட்டரைக் கட்டி, அண்ணனிடம் பழைய கல்யாணப் பதிவு ஒன்றை வாங்கி முழுக்க எடிட் செய்து பாருங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது.


குடியாத்தம்வாசி எழுதியது:

சரி அக்கா, ஹார்டு டிஸ்க்தான். எர்த் பார்த்தாயிற்று, கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. புதுக் குழி போட்டு மீட்டரில் 228 காட்டுகிறது, ஃபிரிட்ஜும் இழுப்பதில்லை. சனிக்கிழமை பாகங்கள் வாங்கப் போகிறேன். பாகாயம் அண்ணா, போர்டை எழுப்பிப் பார்க்க உங்கள் பெஞ்சுக்கு வரலாமா?


பாகாயம்_சர்வீஸ் எழுதியது:

வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைவு. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இங்கே இருக்கிறது. ரேமை மட்டும் தனியாக, அது வந்த உறையிலேயே போட்டு எடுத்துவாருங்கள். மெம்டெஸ்ட்டை அன்று ராத்திரி இங்கேயே ஓட விடலாம், பிழை காட்டினால் மறுநாளே அந்த மாணவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குள் அவர் ஊருக்குப் போய்விடுவாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.